சத்தம் போடாத பைக், பைக் இல்லையாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வருகிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மூன்று நாளாக நம்ம ஊர் குழுமங்களில் ஒரே சண்டை. ஸ்டார்க் வார்க் என்ற மின்சாரத் தெறி பைக் மேட்டில் பாய்ந்து போகும் வீடியோ ஒன்றை ஒரு தம்பி போட்டிருக்கிறார். அதற்குக் கீழே வந்த கொமண்டுகளைப் பார்த்தேன். "விளையாட்டுச் சாமான்." "மிக்ஸி சத்தம்." "ரெண்டு ரவுண்டு போனா தள்ளிக்கிட்டுத்தான் வரணும்." "ஆம்பிளை ஓடுற பைக்கா இது?" கராஜ் வைத்திருக்கும் பெரியவர்களும் வந்து, "கரண்ட் பைக் ஒருநாளும் பெற்றோலுக்கு நிற்க ஏலா" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் நாலைந்து பேர், "இன்னும் ரெண்டு வருஷத்தில பெற்றோல் பைக் எல்லாம் இரும்புக் கடைக்குத்தான்" என்று எழுதுகிறார்கள்.

இரண்டு பக்கமும் பிழை. ஆனால் ஒரே அளவு பிழை இல்லை. முதல் பக்கத்துப் பிழைதான் நம்ம புள்ளைகளுக்கு நட்டம் தரும் பிழை. அதனால் அதைத்தான் அதிகம் பிடிக்கப் போகிறேன்.

நம்ம ஊரில் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் இங்கே வந்த மின்சார ஸ்கூட்டர்கள். ஈய அமில பெட்டரி நாலைந்தைச் சீட்டுக்குக் கீழே அடுக்கி, "ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீற்றர்" என்று விற்றார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று வாங்கினோம். கடையின் பெயர் வேண்டாம். ஒரு வருஷம் போகவில்லை, பாலம் ஏறும்போது உம்மா இறங்கி நடக்க வேண்டிய நிலை. கடைக்குப் போனால், "பெட்டரிக்கு உத்தரவாதம் இல்லை சேர்" என்றார்கள். இப்படி ஏமாந்த குடும்பம் ஊரில் எத்தனை? அந்த ஆத்திரம் நியாயம். ஆனால் அந்த ஸ்கூட்டரை வைத்து இன்றைய மின்சாரப் போட்டி பைக்கை அளப்பது, பழைய நோக்கியாவை வைத்துக்கொண்டு போனில் படம் எடுக்க ஏலாது என்று வாதாடுகிற மாதிரி. ஈயத்தில் இருந்து லித்தியத்துக்கு வந்ததும் அதே எடைக்கு நாலைந்து மடங்கு மின்சாரத்தைச் சுமக்கலாம் என்றாகிவிட்டது. கதை அங்கேயே மாறிவிட்டது.

முதலில் களத்தைப் பார்ப்போம். ஸ்டார்க் ஃபியூச்சர் என்பது ஸ்பெயினில் பார்சிலோனாவை அடியாகக் கொண்ட நிறுவனம். 2021 டிசம்பரில் வார்க்கை அறிவித்தார்கள். 80 குதிரைவலு, சுமார் 6 அலகு மின்சாரம் கொள்ளும் பெட்டரி. நீங்கள் உயர்த்திப் பிடிக்கும் 450 சீசீ மோட்டோகுரொஸ் பைக்குகள் 60 குதிரைவலு அளவில் நிற்பவை. எடையில் மின்சாரம் சில கிலோ கூடுதல், அது உண்மை. ஆனால் குதிரைவலுவை விடப் பெரிய விஷயம் இழுவை எப்போது கிடைக்கிறது என்பது. பெற்றோல் இயந்திரத்துக்குச் சுற்று ஏறினால்தான் பலம் வரும். அதற்காகத்தான் கிளட்ச்சும் கியரும். மின்மோட்டார் நின்ற நிலையில் இருந்தே முழு இழுவையைத் தரும். வளைவில் கியர் பிழைத்து இயந்திரம் அணைவது என்ற கதையே இல்லை. மணலிலும் சேற்றிலும் ஓடியவர்களுக்கு இது என்ன மாதிரி வசதி என்று நான் சொல்லத் தேவையில்லை.

"பேப்பரில எழுதினா சரியா சேர், ரேஸில வென்றதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வென்றிருக்கிறது. 2024இல் பிரித்தானிய அரீனாகுரொஸ் தொடரின் பெரிய வகுப்புச் சம்பியன் பட்டத்தை ஜாக் புரூனெல் வார்க்கில் ஓடித்தான் எடுத்தார், பெற்றோல் பைக்குகளோடு ஒரே வாயிலில் நின்று. அதற்கு முன் 2023 ஒக்டோபரில் ஹொண்டா தன்னுடைய மின்சார சீஆர் மாதிரியை அகில ஜப்பான் மோட்டோகுரொஸ் சம்பியன்ஷிப்பின் உயர்ந்த வகுப்பில் இறக்கியது. ஓட்டியவர் அமெரிக்காவின் ட்ரே கனார்ட். பெற்றோல் இயந்திரத்தாலேயே உலகத்தை வென்ற கம்பனி ஹொண்டா. விளையாட்டுச் சாமானுக்கு அவர்கள் சல்லி கொட்டமாட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அரீனாகுரொஸ் உள்ளரங்கில் நடப்பது. ஓட்டம் சில நிமிஷம்தான். மின்சாரத்துக்கு அது தோதான இடம். திறந்த வெளி உலகச் சம்பியன்ஷிப்பில் ஒரு ஓட்டம் 30 நிமிஷமும் அதற்கு மேல் இரண்டு சுற்றும். அதற்கும் பெட்டரி தாங்கும் என்று ஸ்டார்க் சொல்கிறது. ஆனால் அந்தச் சம்பியன்ஷிப்பின் பிரதான வகுப்புகள் சீசீ கணக்கில் வகுத்தவை. சீசீயே இல்லாத பைக்கை எந்த வகுப்பில் போடுவது? "எங்கே, உலகச் சம்பியன் ஆகட்டுமே" என்று கேட்பவர்கள் முதலில் அந்தப் போட்டியின் கதவு எந்த அளவுக்கு வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு காக்கா அல்டா கம்பனியைக் கொண்டுவந்து வைத்தார். கலிபோர்னியாவில் ரெட்ஷிஃப்ட் என்ற மின்சார மோட்டோகுரொஸ் பைக் செய்த அல்டா 2018 ஒக்டோபரில் மூடப்பட்டது, ஆகவே மின்சாரம் தோற்றுவிட்டது என்பது அவர் வாதம். அல்டா மூடப்பட்டது முதலீடு கிடைக்காமல். ஹார்லி டேவிட்சன் கூட்டுச் சேர்ந்து, பிறகு விலகிக்கொண்டது. பைக் ஓடாததால் மூடவில்லை. நம்ம ஊரில் எத்தனை நல்ல ஹோட்டல் கடன் தாங்காமல் மூடியது? கடை மூடினால் கறியில் உப்புக் கூட என்று அர்த்தமா?

கராஜ் பெரியவர்களுக்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1990களில் மோட்டோகுரொஸ் என்றாலே டூ ஸ்ட்ரோக்தான். ஃபோர் ஸ்ட்ரோக் பாரம், சோம்பல், வயதானவர்களின் வண்டி என்று சிரித்தார்கள். 1997இல் லாஸ் வேகாஸ் சூப்பர்குரொஸில் டக் ஹென்றி யமஹாவின் 400 சீசீ ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரியில் வந்து வென்றார். அடுத்த வருஷம் கடைக்கு வந்த வைஇஸட் 400 எஃப்பில் அமெரிக்காவின் வெளிக்களத் தேசியச் சம்பியனும் ஆனார். அதற்கு விதியும் இடம்கொடுத்தது. 250 சீசீ டூ ஸ்ட்ரோக்கோடு 550 சீசீ வரை ஃபோர் ஸ்ட்ரோக் ஓடலாம் என்று இருந்தது. பத்து வருஷத்துக்குள் பெரிய வகுப்பு முழுவதும் ஃபோர் ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் செத்தும் போகவில்லை. பாறையும் மலையும் ஏறும் கடுமையான எண்டியூரோவில் இன்றைக்கும் அதற்கு மரியாதை இருக்கிறது. நம்ம நாட்டிலும் நீலப் புகை கக்கிய டூ ஸ்ட்ரோக் திரீவீல் ஓடிய காலத்தில், "ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு இழுவை இல்லை, ஆள் ஏற்ற ஏலா" என்று சொன்னவர்கள் யார்? இதே பாஸ்மார்தான். இன்று அவர்கள் கராஜில் நிற்கிற திரீவீல் எதுவென்று போய்ப் பாருங்கள்.

இனி மற்றப் பக்கத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்தில் பெற்றோல் ஒழியும் என்று எழுதும் தம்பிமாரே, ஒரு சின்னக் கணக்கு. தரம் 10 புள்ளைகள் செய்யும் கணக்குத்தான். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 அலகு சக்தி இருக்கிறது. கரண்ட் பில்லில் வரும் அதே அலகு. 7 லீற்றர் டாங்கி என்றால் 63 அலகு. இயந்திரம் அதில் முக்கால்வாசியைச் சூடாக வெளியே விடுகிறது, சக்கரத்துக்குப் போவது கிட்டத்தட்ட 15. மின்சார பைக்கில் 6 அலகு பெட்டரி. மோட்டார் பத்தில் ஒன்பதை வேலையாக்கும், ஆகவே 5.4. அதாவது பெற்றோல் பைக் சுமப்பதில் மூன்றில் ஒன்று. மின்சாரம் எவ்வளவு கெட்டித்தனமாகச் செலவழித்தாலும் கையில் இருக்கும் பணம் குறைவு. பெற்றோல் எவ்வளவு ஊதாரியாக இருந்தாலும் வாப்பாவின் சொத்து மிச்சம்.

அதுவும் இரண்டு நிமிஷத்தில் நிரம்பும் சொத்து. பெட்டரிக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் வேண்டும், பக்கத்தில் பிளக்கும் இருக்க வேண்டும். வட்டைக்குப் போகிற நம்ம விவசாயிகள் பழைய ஜெபலையும் டீமாக்கையும் விடாமல் வைத்திருப்பது பாசத்தால் இல்லை. காலையில் போனால் வாடியில் இருந்து வாய்க்கால், வாய்க்காலில் இருந்து அடுத்த கண்டம், பொழுதுபட்டால் யானைக்குப் பயந்து வேகமாகத் திரும்ப வேண்டும். அங்கே பிளக் எங்கே? டக்கார் பாலைவன ஓட்டத்தைப் பாருங்கள். 2024இல் அவுடி கார் வென்றது, மின்மோட்டாரில் ஓடிய கார். ஆனால் அதற்குள்ளே பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பெற்றோல் இயந்திரத்தையும் ஒளித்து வைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள் வகுப்பில் வென்றவை எல்லாம் இன்னும் பெற்றோல்தான். மாற்றுச் சக்தி வண்டிகளுக்கு அதே வருஷம் தனியாக ஒரு பிரிவு தொடங்கினார்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓட்டம். பெரிய ஓட்டக்காரர்கள் அதைப்போல் பல மடங்கு போகிறார்கள்.

ஆக என் கணக்கு இதுதான். சுற்றுக் களத்தில், குறுகிய ஓட்டத்தில், மின்சாரம் இன்றைக்கே சமம், சில இடத்தில் மேல். காடு, வட்டை, நீண்ட தூரம் என்றால் பெற்றோல். இதில் ஆண்மைக்கும் மிக்ஸிக்கும் என்ன வேலை?

சத்தத்தைப் பற்றித்தான் நான் உண்மையாகவே சண்டை பிடிக்க வேண்டும். "சத்தம் இல்லாட்டி என்ன உணர்ச்சி?" என்று கேட்கிறார்கள். உணர்ச்சி உங்களுக்கு, வேதனை எங்களுக்கு. என் வகுப்பறை வீதியோரம். சைலன்சரின் குடலை உருவிவிட்டு ஒரு பைக் போனால் நான் பாதி வசனத்தில் நிறுத்த வேண்டும். புள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஒரு பாடத்தில் நாலு தடவை. தராவீஹ் நேரம் பள்ளிவாசல் சுவரோரம் வெடி போடுகிற மாதிரி ஓடுவதும், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முன்னால் நின்று முறுக்குவதும் எந்த விளையாட்டு? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டோகுரொஸ் களங்களுக்குப் பெரிய எதிரி அயலவரின் சத்த முறைப்பாடுதான். அதனாலேயே பல களங்கள் நேரம் குறைக்கின்றன, சில மூடுகின்றன. களத்தைக் காப்பாற்ற வழி காட்டும் பைக்கைத்தான் நீங்கள் களத்துக்கு எதிரி என்கிறீர்கள்.

சத்தமில்லாததில் ஒரு ஆபத்து இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பின்னால் வருபவன் கேட்கமாட்டான். களத்தில் அதற்குக் கொடியும் பழக்கமும் இருக்கிறது. நம்ம குச்சொழுங்கையில் மூத்தம்மா குடத்தோடு கடக்கும்போது இல்லை. போட்டி பைக் பெற்றோலோ மின்சாரமோ, பதிவு இலக்கம் இல்லாமல் வீதியில் ஓடும் உரிமை இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் சில வாப்பாமார் இதை மகனுக்குப் பாடசாலை போக வாங்கலாமா என்று இன்பொக்ஸில் கேட்கிறார்கள். 80 குதிரைவலு. பாடசாலை போக. சுப்ஹானல்லாஹ்.

கடற்கரை மணலில் ரேஸ் வைக்கப்போகிறோம் என்று கிளம்பியிருக்கும் கழகத்துக்கும் ஒரு சொல். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் காரோட்டப் போட்டியில் ஒரு சின்னப் புள்ளை உட்பட ஏழு பேர் மௌத்தானார்கள். இராணுவமே நடத்திய போட்டி அது. பார்வையாளர் எங்கே நிற்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள். எந்த எண்ணெயில் ஓடுவது என்பது பிறகு.

சரி, 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் என்று மூடினார்கள். பிறகு கியூஆர் வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நான் உட்பட இந்த ஊரின் முக்கால்வாசி ஆசிரியர்கள் மிதிச் சைக்கிளில் போனோம். அந்த நேரம் மின்சார பைக் நல்லது என்று எல்லோருக்கும் ஞானம் வந்தது. ஆனால் அதே வருஷம் மார்ச் முடிவில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதும் இதே நாட்டில்தான். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு கிரிட்டில் பாய்ந்து நாடே இருண்டதும் இங்கேதான். ஆகவே கரண்ட் இருக்கிறது, கவலை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நான் சொல்வது வேறு. பெற்றோல் முழுக்கக் கப்பலில் வருவது, டொலரில் வருவது. வெயில் நம்ம கூரையில் விழுவது. 2025 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நேரம், பகலில் கரண்ட் மிஞ்சுகிறது, கூரைச் சோலரை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. மிஞ்சுவதைப் பிடித்து வைக்க என்ன வேண்டும்? பெட்டரி. சக்கரம் பூட்டிய பெட்டரியும் பெட்டரிதான்.

இப்போது நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்று சொல்கிறேன்.

சாதாரண தரத்தில் கணிதம் விழுந்த பொடியன்களை நாம் என்ன செய்கிறோம்? கராஜில் விடுகிறோம். என்னிடம் படித்த மூன்று பேர் இப்போது நம்ம ஊர்க் கராஜ்களில் நிற்கிறார்கள். கெட்டிக்காரப் புள்ளைகள். காபரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்கள். ஆனால் மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாசலுக்கு வந்தால் பாஸ் சொல்வது ஒரே வார்த்தை: "இது நமக்குச் சரிவராது, எடுத்துக்கிட்டுப் போங்க." வாடிக்கையாளர் போகிறார். அந்தச் சல்லியும் போகிறது. எஃப்ஐ பைக் வந்தபோதும் இதேதான் நடந்தது. ஸ்கேனர் வாங்காமல், "அது நிற்காது" என்றே காலம் கழித்தார்கள். அது நின்றது.

450 சீசீ போட்டி பைக்குக்குச் சில மணித்தியால ஓட்டத்துக்கு ஒருக்கா எண்ணெய் மாற்ற வேண்டும். கடும் ஓட்டம் என்றால் ஐம்பது, நூறு மணித்தியாலத்துக்குள் பிஸ்டன். வால்வு, கிளட்ச் தட்டு வேறு. இதெல்லாம் கராஜின் சோறு. மின்சார பைக்கில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை, கார்பனும் இல்லை. செயின், பிரேக், டயர், சஸ்பென்ஷன் மிஞ்சும். மற்றதெல்லாம் கொன்ட்ரோலர், சென்சர், பெட்டரியைக் காக்கும் மின்சுற்று. இது தெரிந்தவனுக்கு வேலை இருக்கும், தெரியாதவன் டயர் மாற்றுவான். அதைவிடப் பயம் ஒன்று. வார்க்கின் பெட்டரி 360 வோல்ட். சின்ன சர்ரோன் பைக் 60 வோல்ட். ஒழுங்காகப் படிக்காமல் ஸ்க்ரூட்ரைவரைக் கொண்டு குத்திப் பார்க்கிற இடம் இல்லை அது. ஆள் போய்விடும். "விளையாட்டுச் சாமான்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்ட பொடியன் அதை விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் கழற்றுவான்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டது. வீதியில் மின்சார வண்டிகள் கூடுவது கண்ணுக்குத் தெரிகிறது. இவை எங்கே பழுது பார்க்கப்படும்? கொழும்பிலா? நம்ம புள்ளை கையிலா? பழைய மாணவர் சங்கங்களும் கழகங்களும் ஜேர்சிக்கும் மின்னொளிச் சுற்றுப்போட்டிக்கும் எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் பங்கு கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு சுற்றுப்போட்டிச் செலவைத் தாருங்கள். நல்ல மல்டிமீற்றர் நாலு, தடித்த கையுறை, பழைய லித்தியம் பெட்டரி ஒன்று, வெள்ளி சனியில் பாடசாலை ஆய்வுகூடம். அதிபரிடம் நான் கதைக்கிறேன். தொழிற்பயிற்சி அதிகார சபையின் என்விகியூ வழிக்குப் புள்ளைகளைச் சேர்ப்பது எப்படி என்று விசாரிப்பதையும் நான் பொறுப்பெடுக்கிறேன். கராஜ் பாஸ்மாரும் வரலாம். வந்தால் முன் வரிசை அவர்களுக்குத்தான். செயினும் சஸ்பென்ஷனும் அவர்களைப்போல் படிப்பிக்க என்னால் ஏலாது.

விலையைப் பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். வார்க்கை அறிவித்தபோது 12,900 டொலர் சொன்னார்கள். யமஹா 450 ஒன்று அமெரிக்காவில் 10,000 டொலருக்குக் கிட்ட. நம்ம வரியைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இரண்டும் நமக்கு எட்டாது, ஆகவே எது வாங்குவது என்ற சண்டையை நிறுத்தலாம்.

அடுத்த கொமண்ட் என்னவென்று தெரியும்: "சேர், நீங்க ஓடுறது என்ன?" பழைய சீடி 125. பெற்றோல்தான். சைலன்சர் கம்பனி பூட்டியது, அப்படியே இருக்கிறது.

மல்டிமீற்றருக்குப் பங்கு தருபவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள். பெயர் போட மாட்டேன்.